மணிக்கட்டில் ஒரு சொட்டுக் கஞ்சி

அன்று மடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மடத்துத் தலைவர் சங்கரலிங்க சாமி, வயது நாற்பத்தாறு. அவருடைய சீடரும் சாமான் அறைக்குப் பொறுப்பாளருமான பிச்சமுத்து, வயது அறுபத்தொன்று. சமையல் வேலை பார்க்கும் இசக்கி. அவள் மகள் குழலி, பிறந்து ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆனவள். தோட்டம் பார்க்கும் ஆவுடையப்பன். பசுவும் கன்றும் தொழுவத்தில் நின்றன. அவற்றை ஆள் கணக்கில் சேர்க்கும் வழக்கம் அங்கே இல்லை.

சாமான்களில் அன்றைக்கு வேண்டியது தம்ளர் மட்டும்தான். மடத்துக்குச் சொந்தமான தம்ளர்கள் அறுபத்து நான்கு.

அன்று தண்ணீர் வைக்கும் நாள். மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் ஆடிப் பௌர்ணமிதோறும் நடப்பது அது. முற்றத்து மகிழமரத்தடியில், தனக்கு ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைக்க வேண்டும். வைக்கும்போது பெயரைச் சொல்ல வேண்டும். எல்லாரும் வைத்து முடித்ததும் தண்ணீரை மரத்தின் வேரில் ஊற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் பூசை.

சாமியிடம் உபதேசம் கேட்கிறவருக்கு மட்டும் இன்னொன்று உண்டு. அவர் வைத்த வரிசையைச் சாமி வந்து பார்ப்பார். கணக்கு நிறைந்திருந்தால் காதோடு உபதேசம் சொல்வார். நிறையவில்லை என்றால் அடுத்த ஆடி வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

பிச்சமுத்து எட்டு வருஷமாக வைத்தார். எட்டு வருஷமும் சாமி ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"கணக்கு குறையுது, அண்ணாச்சி."

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. பிச்சமுத்து கணக்கில் தவறாதவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. ஆனால் சாமான் அறையில் எத்தனை விளக்குத் திரி இருக்கிறது என்று கேட்டால் எழுந்து போய்ப் பார்க்காமல் சொல்வார். யாரிடமும் அதிகம் பேச மாட்டார். கூச்ச சுபாவம். பேச வேண்டிய இடத்தில் எண்ணிக்கொண்டிருப்பார்.

அவருடைய ஆசிரியர்கள் ஏழு பேர். அவர் வளர்ந்த அநாதை விடுதியில் எழுத்தைக் கற்றுக்கொடுத்த வாத்தியார். கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்த இன்னொரு வாத்தியார். தராசு பிடிக்கக் காட்டிய பலசரக்குக் கடைக்காரர். உலை வைக்கக் காட்டிய விடுதிச் சமையல்காரர். அரைத்த அரிசியைக் கையால் தொட்டே ஈரம் சொல்லப் பழக்கிய மில் மேஸ்திரி. மடத்தில் சேர்த்துக்கொண்ட பழைய சாமி. இப்போதைய சாமி. எட்டாவது ஆளைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, ஒரு வருஷம், இரண்டே நாள் நீச்சல் பழக்கிவிட்டு ஊரைவிட்டுப் போன ஒருவருக்கு அரைத் தம்ளர் வைத்தார். பாதி கற்றுக்கொடுத்தவருக்கு முழுசாக வைப்பது முறையில்லை என்பது அவர் எண்ணம். அந்த வருஷம் முழுக்க ஆவுடையப்பன், அண்ணாச்சிக்கு ஏழரை பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தான். சாமி சிரிக்கவில்லை. அந்த வருஷமும் கணக்கு குறைந்தது.

ஒன்பதாம் வருஷம், ஆடிப் பௌர்ணமிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, பிச்சமுத்து சாமியைத் தேடித் தொழுவத்துக்குப் போனார். சாமி சாணி அள்ளிக்கொண்டிருந்தார். மடத்துக்கு வரும் முன்னால் அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போதும் பக்கத்தில் யார் வந்து நின்றாலும் தன்னை அறியாமல் ஓரடி நகர்ந்து இடம் கொடுப்பார். இப்போதும் கொடுத்தார்.

"இந்த வருசமாவது எங்க குறையுதுன்னு சொல்லிருங்க, சாமி. முன்னால இருந்து எண்ணியாச்சு. பின்னால இருந்தும் எண்ணியாச்சு."

"எண்ணுதது சரியாத்தான் எண்ணுதீய."

"பிறகு?"

"ஆளு குறையுது."

தனக்கு அறுபத்தொன்று ஆகிவிட்டதையும், குருவைவிடத் தனக்குப் பதினைந்து வயது கூட என்பதையும், தப்பு எது என்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று பயமாக இருப்பதையும் பிச்சமுத்து மெதுவாகச் சொன்னார். சாமி கேட்டுக்கொண்டே கூடையை நிரப்பினார். அந்த நேரம் சமையல்கட்டில் ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்தது. குழலிதான்.

"இசக்கிக்குப் பூசை வேலை நிறையக் கிடக்கு," என்றார் சாமி. "பத்து நாளு குழலியை நீங்க பாத்துக்கிடுங்க."

"நான் கேட்டது வேற, சாமி."

"பத்து நாளு," என்று சொல்லிவிட்டுச் சாமி கூடையைத் தூக்கிக்கொண்டு உரக்குழிக்குப் போனார்.

குழலியைப் பற்றி மடத்தில் எல்லாருக்கும் ஒரு கவலை இருந்தது. அவள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. காது கேட்கிறதா என்று சுகாதார நர்ஸ் வந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினாள். குழலி திரும்பிப் பார்த்தாள். காதில் கோளாறு இல்லை, பிள்ளையோடு பேசிக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். இசக்கிக்கு உலையோடும் அம்மியோடும்தான் பொழுது போனது. புருஷன் திருப்பூரில் தையல் வேலையில் இருந்தான். பூசை முடிந்ததும் திங்கட்கிழமை பஸ்ஸில் பிள்ளையைக் கொண்டுபோய்த் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வருவதென்று இசக்கி முடிவு செய்திருந்தாள். அக்கா வீட்டில் மூன்று பிள்ளைகள். சத்தமாவது இருக்கும். பையில் துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். இராத்திரி மட்டும் பையைப் பார்த்து அழுதாள்.

இரண்டு மாதத்துக்கு முன் குழலி அப்படி இல்லை. கையில் கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து நீட்டுவாள். கரண்டி, பூசணி இலை, ஒற்றைச் செருப்பு, எதுவானாலும். மடத்திலும் எல்லாரும் ஆசையோடுதான் வாங்கினார்கள். ஆனால் அந்த மடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. கை நீட்டி வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. முதல் சாமி காலத்தில் ஓர் ஏழைப் பெண் ஒருபிடி அரிசி கொண்டுவந்தாளாம். அவள் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டு யாரோ அதைத் திருப்பிக் கொடுத்தார்களாம். அவள் அழுதுகொண்டே மலை இறங்கினாளாம். அன்று முதல் அந்த வழக்கம். அதனால் குழலி கொடுத்ததை எல்லாரும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி உள்ளே வைத்தார்கள். பிச்சமுத்து ஒருபடி மேலே போய் அதைத் துடைத்து வைத்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குழலி கொடுப்பதை நிறுத்திக்கொண்டாள்.

முதல் நாள் பிச்சமுத்து சாமான் அறையில் பாயை விரித்து அவளை உட்கார வைத்தார். நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டார். கணக்கு எங்கே குறைகிறது என்று கேட்டதற்குப் பிள்ளையைக் காட்டினார் சாமி. அப்படியென்றால் பிள்ளையிடம் எண்ண ஏதோ இருக்கிறது. அது என்னவென்று தெரியாததால் எல்லாவற்றையும் எண்ணத் தொடங்கினார். எட்டு தடவை கொட்டாவி. இரண்டு தடவை அழுகை. நடக்கையில் விழுந்தது ஆறு தடவை.

வெயில் ஏறிய நேரத்தில் அவள் கீழ்த்தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்தாள். நெடுநேரம் யோசித்தாள். பிறகு அவரிடம் நீட்டினாள். பிச்சமுத்து வாங்கினார். கண்ணில் ஒற்றினார். துண்டால் துடைத்து இருந்த இடத்தில் வைத்தார்.

குழலி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் இருந்தாள்.

தந்தது ஒன்று, வாங்கியது ஒன்று என்று பிச்சமுத்து எழுதினார். கணக்கு நேராக இருந்தது. ஆனால் நோட்டை மூடும்போது ஏதோ உறுத்தியது.

மறுநாளும் அவள் சுவரைப் பார்த்துத்தான் இருந்தாள். முற்பகலில் சாமி வந்தார். பாயில் உட்கார்ந்தார். ஒரு கரண்டியை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"இந்தா."

குழலி திரும்பவில்லை. சாமி கையை மடக்கவில்லை. கை வலித்திருக்கும். கடைசியில் அவள் திரும்பினாள். கரண்டியைப் பார்த்தாள். சாமியின் முகத்தைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"எனக்கா? நல்ல கரண்டி," என்று வாங்கினார் சாமி. உடனே, "இந்தா, நீ வச்சுக்கோ," என்று கொடுத்துவிட்டார்.

பிச்சமுத்துவுக்குத் திக்கென்றது. மடத்துத் தலைவரே வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறார். குழலி அதை வாங்கி மறுபடி கொடுத்தாள். சாமியும் மறுபடி கொடுத்தார். உச்சிக்காலப் பூசைக்கு மணி அடிக்க ஆவுடையப்பன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கரண்டி இருபத்தேழு தடவை போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் சாமி ஏதாவது ஒன்று சொன்னார். கனமா இருக்கா. ஓட்டைக் கரண்டியா. இதுல சாம்பார் நிக்காதே. இருபத்தேழாம் தடவை குழலி சிரித்தாள்.

சாமி எழுந்ததும் பிச்சமுத்து மெல்லக் கேட்டார்.

"வாங்குனதைத் திருப்பிக் குடுக்கது நம்ம வழக்கம் இல்லையே, சாமி?"

"அது காணிக்கைக்கு."

"பிள்ளை குடுக்கது காணிக்கை இல்லையா?"

"இல்ல. கேள்வி."

பிச்சமுத்துவுக்குப் புரியவில்லை. சாமி வாசலில் நின்று திரும்பினார்.

"நேத்து உங்ககிட்ட ஒண்ணு கேட்டா. நீங்க அதைத் துடைச்சு அலமாரியில வச்சுட்டீய."

மூன்றாம் நாள் பிச்சமுத்து சாமான் அறைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டார். யாரும் பார்க்காமல் இருந்தால்தான் அவருக்கு வாய் வரும். அவர் ஒரு குழந்தையோடு பேசியதே இல்லை. தம்ளரை நீட்டி, "இந்தா," என்றார். வெளியே அரிசி களைந்துகொண்டிருந்த இசக்கிக்கு அது கேட்டுவிட்டது.

"ரேசன் கடையில படி அரிசி போடுத மாதிரில்லா இருக்கு, அண்ணாச்சி. கொஞ்சம் இளக்கமாச் சொல்லுங்க."

அவர் இளக்கமாகச் சொல்லிப் பார்த்தார். அன்று தம்ளர் நாலு தடவை கைமாறியது. நாலாம் நாள் பத்தொன்பது. ஐந்தாம் நாள் அவர் நோட்டில் குறிக்கக் குனிந்த நேரத்தில் குழலி தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தபோது அவள் கை இறங்கிக்கொண்டிருந்தது. பிச்சமுத்து பென்சிலைக் கீழே வைத்தார். அந்த நாளுக்கு நோட்டில் ஒரு கோடு மட்டும்தான் இருக்கிறது.

பென்சிலை வைத்த பிறகுதான் சில விஷயங்கள் தெரிந்தன. அவள் தம்ளரைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் வாயைப் பார்த்தாள். அவர் தம்ளர் என்று சொன்னால் அவள் உதடும் லேசாகக் கூடிப் பிரிந்தது. வேண்டுமென்றே கீழே போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர், "போச்சு," என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார். அடுத்த தடவை போட்டதும் அவளே இரண்டு கையையும் விரித்து மேலே திருப்பினாள். இது என்ன சேட்டை என்று அவர் யோசித்தார். ஆறாம் நாள்தான், போச்சு என்று சொல்லும்போது தானும் அப்படிக் கையை விரிக்கிறோம் என்று கண்டுபிடித்தார். அறுபத்தொரு வருஷத்தில் அவர் அதைக் கவனித்ததே இல்லை.

ஏழாம் நாள் காலை. எல்லாரும் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

பிச்சமுத்து கஞ்சி குடிப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். இரண்டு தம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றுவார். மூன்று தடவை ஊதுவார். பிறகு இடது கையைத் திருப்பி மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். அதன் பிறகுதான் வாயில் வைப்பார். மடத்துக்கு வந்த நாளிலிருந்து இதை வைத்து அவரைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. அன்றும் ஆவுடையப்பன் தொடங்கினான்.

"யாரு கைப்பிள்ளைக்கு அண்ணாச்சி ஆத்துதீய?"

அவர் வழக்கம்போல் சொட்டு விட்டுப் பார்த்துக் குடித்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த குழலி ஒரு காலித் தம்ளரை எடுத்தாள். உதட்டைக் குவித்து ஊதினாள். காற்றைவிட எச்சில்தான் அதிகம் வந்தது. பிறகு இடது கையைத் திருப்பி, மணிக்கட்டின் மேல் தம்ளரைச் சாய்த்துப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். எழுந்து தள்ளாடி வந்து, அந்தத் தம்ளரைப் பிச்சமுத்துவின் வாயில் வைத்தாள்.

ஆவுடையப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டான். இசக்கி கரண்டியோடு நின்றாள்.

"நான் அவளுக்கு இப்படிப் பாக்கதே கிடையாது, அண்ணாச்சி," என்றாள். "கரண்டியை என் உதட்டுல வச்சுத்தான் பாப்பேன். இது உங்ககிட்ட எடுத்தது. அப்படியே எடுத்திருக்கா."

பிச்சமுத்து காலித் தம்ளரைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் இசக்கி பையைத் திறந்து, பிள்ளையின் துணிகளை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள். அக்காவுக்கு யாரிடமோ சொல்லி அனுப்பினாள். அரிசி களையும்போது குழலியைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கிக் காட்டி, இது கல்லு, இது அரிசி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிச்சமுத்துவுக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை. குழலி தன்னிடமிருந்து எடுத்தாள். தான் யாரிடமிருந்து எடுத்தோம்? அவர் ஏழு பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். விடுதி வாத்தியார் வெந்நீர்தான் குடிப்பார், ஆற்ற மாட்டார். கணக்கு வாத்தியார் ஒரே மடக்கு. கடைக்காரருக்குச் சோடா. சமையல்காரர் பானையிலிருந்தே குடிப்பார். மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டுக் குடிப்பார், அவ்வளவுதான். பழைய சாமிக்குப் பழையசோறு. அதற்கு ஆற்ற வேண்டியதே இல்லை. இப்போதைய சாமி சூட்டோடு குடித்து நாக்கைப் புண்ணாக்கிக்கொள்கிறவர். ஒருவருமில்லை. எட்டாம் நாளும் எண்ணினார். ஒன்பதாம் நாள் சாமியிடம் போனார். சாமி கன்றுக்குட்டிக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழு பேருல யாருமே மணிக்கட்டுல விட்டுப் பாத்தது இல்ல, சாமி."

"தான் குடிக்கக் கஞ்சியை யாராவது மணிக்கட்டுல விட்டுப் பாப்பாங்களா?"

பிச்சமுத்து யோசித்தார். "மாட்டாங்க. வாயில வச்சாத் தெரிஞ்சிரும்."

"பிறகு எதுக்குப் பாப்பாங்க?"

பிச்சமுத்து, யாரு கைப்பிள்ளைக்கு என்று ஆவுடையப்பன் கேட்டதை நினைத்து, தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கன்று புல்லை இழுத்தது.

"விடுதி நோட்டுல உங்களைப் பத்தி ஒரு வரி இருந்ததுன்னு சொல்லியிருக்கீய," என்றார் சாமி.

பிச்சமுத்துவுக்கு அது மனப்பாடம். அவரைப் பஸ் நிலையத்திலிருந்து கொண்டுவந்து அநாதை விடுதியில் சேர்த்த அன்று எழுதியது. பத்து வயதில் ஒருநாள் அதைத் திருட்டுத்தனமாகப் படித்தார். அதற்கு முந்தியது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. தாய் முகம் தெரியாது. தகப்பன் முகம் தெரியாது. தனக்கு ஆளில்லை என்பதற்கு அந்த வரிதான் அத்தாட்சி என்று வைத்திருந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தால் இரண்டாவது வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார்.

"வயது சுமார் மூன்று. கூட யாரும் இல்லை."

"அதுக்கு அடுத்தது?"

"காய்ச்சல் இல்லை. பேசுகிறான். பெயர் கேட்டால் பிச்சமுத்து என்கிறான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா."

பிச்சமுத்து முதலிலிருந்து தொடங்கினார். வயதைச் சொன்னார். கூட யாரும் இல்லை என்றார். காய்ச்சல் இல்லை என்றார். அதற்கு அடுத்த வார்த்தைக்கு வந்தபோது அவரால் சொல்ல முடியவில்லை.

சாமி அரிவாளை எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் புல் அறுக்கப் போய்விட்டார்.

பத்தாம் நாள் பிச்சமுத்து எதையும் எண்ணவில்லை. குழலியை மகிழமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய், இலையைக் காட்டி இலை என்றார். அணிலைக் காட்டி அணில் என்றார். தன்னைக் காட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு, கடைசியில் காட்டினார்.

பௌர்ணமி அன்று காலையில் அவர் தம்ளர்களை எண்ணியபோது அறுபத்து நான்கு இருந்தன. கழுவி அடுக்கி மறுபடி எண்ணியபோது அறுபத்து மூன்று. மடத்துக்கு வந்த பிறகு ஒரு தம்ளர் குறைந்ததைத் தேடாமல் அவர் விட்டது அன்றுதான். யாரிடம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் ஆவுடையப்பன் வைத்தான். நாலு தம்ளர். வருஷா வருஷம் நாலுதான். அடுத்து இசக்கி. அவள் வழக்கமாக ஐந்து வைப்பாள். அன்று ஐந்தை வைத்துவிட்டு ஆறாவதையும் நிரப்பினாள்.

"பிச்சமுத்து அண்ணாச்சிக்கு," என்றாள். "எனக்குப் பிள்ளைகிட்ட பேச நேரமில்லேன்னு நினைச்சிருந்தேன். வேலையோட வேலையாப் பேசலாம்னு காட்டுனதுக்கு."

தன் பெயருக்கு ஒருவர் தண்ணீர் வைப்பதைப் பிச்சமுத்து அதுவரை பார்த்ததில்லை. அவர் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாளியில் தண்ணீர் போதுமா என்று பார்ப்பது போல.

பிறகு அவர் முறை. விடுதி வாத்தியாரில் தொடங்கி இப்போதைய சாமி வரைக்கும் ஏழு பெயரையும் சொல்லி ஏழு தம்ளரை வைத்தார். வழக்கமாக அதோடு எழுந்துவிடுவார். அன்று எழவில்லை. எட்டாவது தம்ளரை நிரப்பினார். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் கொஞ்சம் நின்றார்.

"மணிக்கட்டுல விட்டுப் பாத்ததுக்கு," என்றார்.

ஒன்பதாவது. "ஊதிக் காட்டுனதுக்கு."

பத்தாவது. "தண்ணிக்குத் தண்ணின்னு சொன்னதுக்கு."

"கையை விரிச்சுப் போச்சுன்னு சொன்னதுக்கு." "பேரு சொல்லிக் கூப்பிட்டதுக்கு." "திரும்பிப் பாக்க வரைக்கும் கூப்பிட்டதுக்கு." அவர் குரல் தணிந்தது. அது ஒருத்தியா, இரண்டு பேரா, சொந்தமா, பஸ் நிலையத்தில் பழம் விற்றவளா, அவருக்குத் தெரியாது. ஆளை எண்ண வழியில்லை. அதனால் செய்ததை எண்ணினார். கீழே போட்டதை எடுத்துக் கொடுத்ததற்கு ஒன்று. இரண்டாம் தடவை எடுத்துக் கொடுத்ததற்கு ஒன்று. மூன்றாம் தடவைக்கு ஒன்று. நான்காம் தடவைக்கு ஒன்று. ஆவுடையப்பன் சொல்லாமலே வாளியை எடுத்துப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். வரிசை மரத்தைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து, இரண்டாம் சுற்றுப் போனது. ஒன்றுகூடச் சிந்தவில்லை. அவர் வைத்தால் சிந்தாது.

அடுத்த தம்ளருக்குக் கையை நீட்டியபோது தட்டில் தம்ளர் இல்லை.

பெயரோடு ஏழு. பெயரில்லாமல் நாற்பத்தாறு. இன்னும் சொல்ல இருந்தது.

வழக்கமாக எல்லாரும் வைத்த பிறகு மீதித் தம்ளர் எல்லாவற்றையும் சாமி வைப்பார். எண்ணாமல், பெயர் சொல்லாமல் வைப்பார். அலமாரியில் சும்மா இருக்க வேண்டாம் என்று வைக்கிறார் போலிருக்கிறது என்றுதான் பிச்சமுத்து இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். அன்று அவர் சாமியின் முகத்தைப் பார்த்தார்.

"தம்ளர் பத்தலை, சாமி."

சாமி வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து பார்த்தார்.

"கணக்கு சரியா இருக்கு, அண்ணாச்சி."

பிச்சமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டு அந்தத் துண்டைக் கட்டியதால் அது ஈரமாக இருந்தது. உபதேசம் வாங்குகிற முறைப்படி, மரத்தடியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வலது காதைச் சாமியின் பக்கம் சாய்த்தார். ஒன்பது வருஷமாக மனதுக்குள் உட்கார்ந்து பார்த்த இருப்பு அது.

சாமி வரவில்லை. குழலி வந்தாள். காலையிலிருந்து இசக்கியின் முந்தானை மறைவில் வைத்திருந்த தம்ளரைத் தூக்கிக்கொண்டு, இரண்டு வரிசைத் தண்ணீருக்கு நடுவே ஒன்றையும் தட்டாமல் நடந்து வந்தாள். அவர் முன்னால் நின்று அதை நீட்டினாள். அவர் வாயைப் பார்த்தாள்.

"ந்தா," என்றாள்.

இசக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிச்சமுத்து இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றினார். துண்டை எடுத்துத் துடைக்கவில்லை.

"இந்தா," என்று திருப்பிக் கொடுத்தார்.

அவள் வாங்கிக்கொண்டாள். அவர் காதைச் சாய்த்தபடியே சாமியிடம் கேட்டார்.

"சாமி, உபதேசம்?"

"இப்பத்தானே கேட்டீய," என்றார் சாமி.

பிச்சமுத்து தலையை நிமிர்த்திக் குழலியின் பக்கம் கையை நீட்டினார்.

மடத்துத் தம்ளர் அறுபத்து நான்கு. ஆவுடையப்பன் வைத்தது நாலு, இசக்கி வைத்தது ஆறு, பிச்சமுத்து வைத்தது ஐம்பத்து மூன்று. மீதி ஒன்று. அது கைமாறிக்கொண்டே இருந்தது.